நெல்லைக் கடை பில்லில் தமிழ்: தெர்மல் பிரிண்டருக்கு டிரைவர் எழுதும் முறை

திரையில் ‘அல்வா’ என்று சரியாகத் தெரிகிறது. 58 மி.மீ. தெர்மல் பிரிண்டருக்கு அனுப்பினால் சீன எழுத்து வந்து விழுகிறது. டவுன் ரத வீதி முதல் தென்காசி வரை கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

யூனிகோட் எழுத்தை பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. சந்தையில் கிடைக்கும் மலிவு பிரிண்டர்களில் பல, 128க்கு மேற்பட்ட பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சீன எழுத்தாக வாசிக்கும் அமைப்போடுதான் வருகின்றன. 28, 46 என்று இரண்டு பைட் அனுப்பினால் அந்த முறை அணைந்துவிடும். ஆனால் சீனம் போய் ஐரோப்பியக் குறிகள் வரும், தமிழ் வராது. பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு இல்லாதபோது எந்தக் கோட்பேஜை (எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை) மாற்றினாலும் பயனில்லை. எழுத்தைக் கணினியிலேயே கோத்து, புள்ளிப் படமாக்கி அனுப்ப வேண்டும். டிரைவரின் வேலை முழுக்க அதுதான்.

சொந்தமாக எழுதத்தான் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸில் பிரிண்டரோடு வந்த டிரைவரைப் போட்டு, நோட்பேடில் நிர்மலா யூஐ எழுத்துருவில் நாலு வரி அடித்து அச்சிடுங்கள். அங்கே எழுத்தைக் கோப்பது விண்டோஸ். புள்ளியாக்கி அனுப்புவது டிரைவர். வெளியீடு தெளிவாக இருந்து, பில் நீளமும் ஓரமும் சரியாக வந்தால் அதோடு விட்டுவிடலாம். பெரும்பாலும் அப்படி அமையாது. பக்க நீளத்தை நிலையாக வைத்துக்கொண்டு அரையடி வெற்றுத் தாளைத் தள்ளும்; சாம்பல் நிறத்தைப் பொட்டுப் பொட்டாக்கி எழுத்தின் ஓரத்தைக் கெடுக்கும்.

அதற்காக விண்டோஸுக்கு முழு டிரைவர் எழுத உட்காருவது வீண். வெளியார் பிரிண்டர் டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. பிரிண்டரை ‘ஜெனெரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரில் நிறுவி, உங்கள் நிரலிலிருந்து ஓப்பன்பிரிண்டர், ஸ்டார்ட்டாக்பிரிண்டர், ரைட்பிரிண்டர் ஆகிய அழைப்புகளால் ‘ரா’ வகையாக, அதாவது மாற்றமில்லாமல் அப்படியே, பைட்டுகளை அனுப்புங்கள். தரவு வகையை ‘ரா’ என்று குறிக்காவிட்டால், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் நடுவில் புகுந்து படத்தைக் குதறிவிடும்.

அளவுகள்

இந்த பிரிண்டர்களில் மி.மீ.க்கு 8 புள்ளி, அதாவது அங்குலத்துக்கு 203. 58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ.தான்: 384 புள்ளி, வரிக்கு 48 பைட். 80 மி.மீ. தாளில் 72 மி.மீ.: 576 புள்ளி, 72 பைட். கீழே சொல்வதெல்லாம் 58க்கு. 80க்கு, வரியின் அகலமாக 48 வரும் இடத்தில் மட்டும் 72 போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தைக் கோப்பது

‘கொ’ என்பது நினைவகத்தில் ‘க’வும் அதன்பின் உயிர்க்குறியும். தாளில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக, கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்தைக் கோக்கும் நிரல் நூலகம். லினக்ஸில் பாங்கோ வழியாக அது கிடைக்கும். ஆண்ட்ராய்டில் கேன்வாஸில் எழுதினாலே நடந்துவிடும். விண்டோஸில் டைரக்ட்ரைட் பார்த்துக்கொள்ளும்.

பைத்தானில் பில்லோ என்ற பட நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள்தான் இங்கே அடிபடுகிறார்கள். பில்லோவில் எழுத்தடுக்க இரண்டு வழி உண்டு: பேசிக், ராக்ம். பேசிக் வழி குறிகளை வந்த வரிசையிலேயே வைக்கும். ‘பாளையங்கோட்டை’யில் கொம்புகளெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ராக்ம் இல்லாவிட்டால் பில்லோ எதுவும் சொல்லாமல் பேசிக் வழிக்குப் போய்விடும். விண்டோஸில் ராக்ம் வேலை செய்ய ஃப்ரிபிடி என்ற டிஎல்எல் கோப்பு தனியாக வேண்டும். நிரல் எழுதிய கணினியில் அது இருக்கும், கடைக் கணினியில் இருக்காது. ஆகவே நிரல் தொடங்கும்போதே ஃபீச்சர்ஸ் தொகுதியில் ராக்ம் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் பிழை காட்டி நிறுத்திவிடுங்கள்.

சோதனைக்கு ஊர்ப் பெயர்களே போதும். ‘ஸ்ரீவைகுண்டம்’ கூட்டெழுத்தையும் ஐகாரக் கொம்பையும் காட்டிக்கொடுக்கும். ‘பாளையங்கோட்டை’ இரட்டைக் கொம்புக்கு. ‘தூத்துக்குடி’ உகர ஊகாரத்துக்கு. ‘கல்லிடைக்குறிச்சி’ புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும். நான்கும் சரியாக வந்தால் முக்கால்வாசி சரி.

புள்ளிதான் முதலில் சாகும்

203 புள்ளி அடர்த்தியில் 24 பிக்சல் எழுத்து என்பது ஏறக்குறைய 8.5 பாயிண்ட். அந்த அளவில் மெய்யெழுத்தின் மேல்புள்ளிக்குக் கிடைப்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று பிக்சல். புள்ளியாக்கும்போது அதில் ஒன்று போனாலும் ‘அல்வா’ ‘அலவா’ ஆகிவிடும். மறுபக்கம் ‘ண’வின் சுழிகளும், ‘சீ’யையும் ‘சி’யையும் பிரிக்கும் சிறு சுழியும், சூடு கூடினால் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். பிரிண்டரின் அடர்த்தியை ஏற்றினால் சுழி அடைபடும், இறக்கினால் புள்ளி போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிப்பதுதான் இந்த வேலையில் கைப்பழக்கம் வேண்டிய பகுதி.

பொருள் பெயர்களுக்கு 28 பிக்சல் வையுங்கள். 24க்குக் கீழே போகவே வேண்டாம். தடித்த எடைக்குப் போனால் சுழி அடைபடும் என்பதால் மீடியம் அல்லது செமிபோல்டு நல்லது. தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்துருக்கள் திருமண அழைப்பிதழோடு நிற்கட்டும். கோடு ஒரே தடிப்பில் ஓடும் நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்றவை இங்கே பொருந்தும். இரண்டும் திறந்த உரிமத்தில் வருவதால் மென்பொருளோடு சேர்த்தே கொடுக்கலாம். லதா, நிர்மலா ஆகியவற்றை அப்படிப் பிரித்தெடுத்துக் கொடுக்க உரிமை இல்லை.

புள்ளியாக்கும் முறையில்தான் பெரிய வித்தியாசம் தெரியும். எழுத்தை நேரே கறுப்பு வெள்ளையில் வரையாதீர்கள். சாம்பல் நிறத்தில் வரைந்து, அதன்பின் ஓர் எல்லை வைத்து வெட்டுங்கள்: வெள்ளை 255 என்றால், 150க்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பு. சரிபாதியான 128ஐவிட இந்த எல்லை கோட்டைச் சற்றே தடிக்க வைக்கும்; மேல்புள்ளி பிழைக்கும். 140க்கும் 165க்கும் இடையில் அந்தந்த பிரிண்டருக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளுங்கள். பில்லோவில் படத்தை நேராக ஒற்றை பிட்டுக்கு மாற்றச் சொன்னால், கேட்காமலேயே ஃப்ளாய்ட்-ஸ்டெயின்பெர்க் முறையில் பொட்டுகளை இறைத்துவிடும். எழுத்தின் ஓரம் எறும்பு அரித்ததுபோல் இருக்கும். அதைத் தவிர்க்க, முதலில் எல்லை வெட்டு, பிறகே மாற்றம்.

ரூபாய்க் குறியையும் மறக்க வேண்டாம். ₹ 2010இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் வெறும் கட்டம் தெரியும். எழுத்துருவில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ‘ரூ.’ போடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பத்திகளும் வரி உடைப்பும்

ஆங்கில பில்லில் வரிக்கு 32 எழுத்து என்று எண்ணி இடைவெளி போடும் பழக்கம் இங்கே செல்லாது. ‘ஸ்ரீவைகுண்டம்’ கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு 13 குறி. ‘ண’வின் அகலம் ‘ர’வுக்கு இரண்டு பங்குக்கு மேல். ஒவ்வொரு சொல்லையும் பிக்சலில் அளந்து வையுங்கள். 384இல் பெயருக்கு 200, அளவுக்கு 70, தொகைக்கு 114 என்று பிரித்து, எண்களை வலது ஓரத்தில் ஒட்டவையுங்கள்.

‘கல்லிடைக்குறிச்சி அப்பளம்’ 200 பிக்சலில் அடங்காது, உடைக்கத்தான் வேண்டும். குறிக் கணக்கில் உடைத்தால் அடுத்த வரி ஒரு தனிக் கொக்கியோடு தொடங்கும், அதன் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். மெய்யையும் அதன் குறியையும் பிரிக்காமல் யூனிகோட் தரும் எழுத்துக்கூட்ட எல்லையைப் பயன்படுத்துங்கள். அதிலும் ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் இரண்டு துண்டாகத்தான் கணக்காகும், இவ்விரண்டையும் நீங்களே ஒட்டிவைக்க வேண்டும். வரியின் முதலில் மெய்யெழுத்து வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்: ‘கல்’ என்று நிறுத்தி ‘லிடை’ என்று தொடங்கலாம், ‘க’ என்று நிறுத்தி ‘ல்லிடை’ என்று தொடங்கினால் படிக்கிறவர் தடுக்கி விழுவார்.

பைட்டுகள்

எண்களைப் பதின்மத்தில் தருகிறோம். 27, 64 பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். படத்துக்குத் தலைப்பு 8 பைட்: 29, 118, 48, 0 (இந்த 48 கட்டளையின் பகுதி, 80 மி.மீ.க்கும் மாறாது), பின்பு அகலம் பைட்டில் 48, 0, பின்பு உயரம் இரண்டு பைட்டாக. உயரத்தை 256ஆல் வகுத்து மீதியை முதலிலும் ஈவை அடுத்தும் எழுதுங்கள். 800 வரி என்றால் 32, 3.

ஆனால் 800 வரியை ஒரேயடியாக அனுப்பாதீர்கள். மலிவு பிரிண்டரின் தாங்கி நினைவகம் சிறியது. நிரம்பினால் பைட்டுகளை விழுங்கிவிடும். பிரிண்டரோ தலைப்பில் சொன்ன எண்ணிக்கை வரும்வரை வருவதையெல்லாம் படமாகவே எண்ணிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு பைட் தொலைந்தாலும் அதற்குப் பிந்திய வரிகள் 8 புள்ளி இடப்பக்கம் நகரும். அடுத்த துண்டின் தலைப்பைப் படம் தின்றுவிடும். மிச்சம் குப்பை எழுத்தாக அடி அடியாக ஓடும். 100 வரித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு போடுங்கள்: 29, 118, 48, 0, 48, 0, 100, 0, அதன்பின் 4,800 பைட். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாது. புளூடூத் என்றால் 512 பைட்டுக்கு ஒருமுறை 20, 30 மில்லிவினாடி நிறுத்துங்கள்.

ஒரு பைட்டின் உயர் பிட்தான் இடது ஓரப் புள்ளி. 1 என்றால் கறுப்பு. பில்லோவில் 1 வெள்ளை. தலைகீழாக்க மறந்தால் தாள் முழுக்கக் கறுப்பாகும். அச்சிடும் தலை மொத்தமும் ஒரே நேரத்தில் சூடாவதால் அடாப்டர் தாங்காமல் பிரிண்டர் பாதியில் அணைந்து எழும். பழுதென்று கடைக்காரர் போன் போடுவார்.

பழைய சீரியல் இணைப்பில் வேகத்தையும் கணக்குப் பாருங்கள். 10 செ.மீ. பில் 800 வரி, 38,400 பைட். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 பைட்தான் போகும். ஒரு பில்லுக்கு 40 நொடி. தீபாவளிக் கூட்டத்தில் அது நடக்காது. யூஎஸ்பிக்கு மாறுங்கள், அல்லது 115200 வையுங்கள். வெற்று வரிகளைப் படமாக அனுப்பாமல் 27, 74 என்பதோடு வரி எண்ணிக்கையைக் கொடுத்துத் தாளை மட்டும் நகர்த்துவதும் மிச்சம். ஒருமுறைக்கு 255தான் உச்சம்.

கடைசியில் 27, 100, 4 அனுப்பி நாலு வரி தள்ளுங்கள். வெட்டுக்கத்தி உள்ள 80 மி.மீ. மாடலுக்கு 29, 86, 66, 0. கல்லாப்பெட்டி திறக்க 27, 112, 0, 25, 250. தாள் தீர்ந்ததா என்று கேட்க 16, 4, 4. வரும் பைட்டில் 96க்குரிய பிட்டுகள் 1 ஆக இருந்தால் தாள் இல்லை. பல மலிவு மாடல்கள் பதிலே தராது, காத்திருந்து நிரல் உறையும். அரை நொடிக்கு மேல் காத்திருக்காதீர்கள்.

லினக்ஸில் கப்ஸ் வடிகட்டி

லினக்ஸ் கணினியில் எந்த மென்பொருளிலிருந்தும் அச்சிட வேண்டுமானால், அங்கே அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸுக்கு ஒரு வடிகட்டி எழுதுங்கள். சிறிய சி நிரல் அது. வேலை எண், பயனர், தலைப்பு, பிரதிகள், விருப்பங்கள் என ஐந்தும், இருந்தால் ஆறாவதாகக் கோப்புப் பெயரும் அதற்கு வரும். கோப்பு இல்லையென்றால் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படிக்க வேண்டும். கப்ஸ் ராஸ்டர் வடிவில் பக்கம் வரும், மேலே சொன்ன பைட்டுகளாக்கி ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் எழுதுங்கள்.

நான்கு இடத்தில் இடறும். பிரிண்டரின் தன்மைகளைச் சொல்லும் பிபிடி கோப்பில் நிறவெளியை 3 என்று வைத்தால் 1 கறுப்பு. 0 வைத்தால் 1 வெள்ளை, பழைய கறுப்புத் தாள் கதைதான். அடுத்து, 48 மி.மீ. என்பதைப் பாயிண்டாக்கி 203ஆல் பெருக்கும்போது அகலம் 384க்குப் பதில் 383 என்று வரலாம்; வந்ததை நம்பாமல் ஒவ்வொரு வரியையும் 48 பைட்டுக்கு நிரப்புங்கள். மூன்றாவது, கப்ஸுக்குப் பக்கம் என்றால் நிலையான நீளம், பில்லுக்கு அப்படி இல்லை. வெற்று வரி வந்தால் எண்ணிக்கையை மட்டும் கூட்டிவையுங்கள். எழுத்துள்ள வரி வந்தபின் சேர்த்து நகர்த்துங்கள். கடைசி வரிக்குப் பின் எத்தனை வெற்று வரி வந்தாலும் தாள் நகராது. நான்காவது, வடிகட்டிக் கோப்பின் உரிமையாளர் ரூட்டாக இருந்து, அனுமதி 755 ஆக இருக்க வேண்டும். வேறு எவரும் எழுதும்படி விட்டால் பாதுகாப்பில்லை என்று கப்ஸ் அதை இயக்கவே மறுக்கும்.

இனிவரும் கப்ஸ் 3இல் பிபிடி இருக்காது, பிரிண்டர் அப்ளிகேஷன் முறைதான். ஆகவே படத்தைப் பைட்டாக்கும் பகுதியைத் தனி நூலகமாகப் பிரித்து வைத்தால் அப்படியே, பிரிண்டர் அப்ளிகேஷன் எழுத உதவும் பாப்பிள் சட்டகத்துக்குள் நகர்த்திக்கொள்ளலாம்.

கடையில் போய் நிறுவும்போது

பொருள் பட்டியல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் முதலில் யூனிகோடாக்குங்கள். அவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனிக் குறியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்கொன்று மாற்றினால் மட்டும் போதாது, கொம்பை அடுத்த மெய்க்குப் பின்னால் நகர்த்தி, கால் தொடர்ந்தால் இரண்டையும் சேர்த்து ஒகரக் குறியாக்க வேண்டும். ‘ஸ்ரீ’ போன்ற நீண்ட கோவைகளை முதலில் மாற்றி, ஒற்றைக் குறிகளைப் பிறகு மாற்றுங்கள். முடிந்ததும், ஒரே எழுத்தை எப்போதும் ஒரே குறிகளால் எழுதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்தால்தான் தேடும்போது ‘கோதுமை அல்வா’ ஒன்றாக அகப்படும். இல்லையேல் ஒரே பெயர் இரண்டாகக் கிடந்து கையிருப்புக் கணக்கைக் குழப்பும்.

அல்வா கிண்டும் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் தாள் சுருளை அடுக்கி வைத்திருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். சூட்டில் தாள் பழுப்பேறும். பழுப்பின் மேல் மேல்புள்ளி தெரியாது, பழி உங்கள் எழுத்துருவின் மேல் விழும். நெய்க் கை பட்ட இடத்திலும் எழுத்து மங்கும். கணக்குக்கு வைக்கும் பிரதியைத் தாளாகச் சேர்க்காமல், அனுப்பிய படத்தையே பில் எண்ணோடு கணினியில் சேமிக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒரு பில் 40 கேபிகூட வராது.