ஊர் நூலகத்தின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

நூலக வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் முதலில் வாசலில் பதித்த கல்லைத்தான் படம் எடுக்கிறார்கள். அந்தக் கல் கட்டடம் திறந்த நாளை மட்டுமே சொல்லும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நூலகம் வாடகை வீட்டிலோ ஒரு சங்கத்தின் படிப்பகத்திலோ நடந்திருக்கலாம். ஆகவே படிப்பகம் தொடங்கியது, அது அரசு நூலகமானது, இப்போதைய கட்டடம் திறந்தது என மூன்று நாள்களையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டு 1950இல் நடைமுறைக்கு வந்தது. சொத்து வரியோடு நூலக வரி வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழு வழியாக நூலகம் நடத்தும் முறை அதிலிருந்து வருவதுதான். "1940லேயே கிளை நூலகம் இருந்தது" என்று யாராவது சொன்னால், அது தனியார் நூலகமா, நகராட்சி நூலகமா, படிப்பகமா என்று கேளுங்கள்.

உண்மையான புதையல் நூல் சேர்க்கைப் பதிவேடு. நூலகரிடம் அனுமதி பெற்று, முதல் தொகுதியின் முதல் சில பக்கங்களை வரி விடாமல் படியெடுங்கள்: சேர்க்கை எண், தேதி, தலைப்பு, விலை, பெற்ற வழி. தொடக்கத்தில் ஒரே தேதியில் நூற்றுக்கணக்கான நூல்கள் ஏறியிருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். யாரோ மொத்தமாக நன்கொடை தந்திருப்பார்கள். அல்லது கிழிந்த பழைய பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக எழுதியிருப்பார்கள். ஒரே கையெழுத்து, ஒரே மை பக்கம் பக்கமாக ஓடினால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இதைச் சோதிக்க விலைப் பத்தியைப் பாருங்கள். 1957 ஏப்ரல் 1க்கு முன் ரூபாய், அணா, பை என்ற பழைய கணக்கு. அதன்பின் 1964 வரை 'நயா பைசா'. 1955 தேதியிட்ட வரியில் விலை 2.50 என்று தசமக் கணக்கில் இருந்தால் அந்தப் பக்கம் பிற்காலத்தில் எழுதப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். அப்படிப்பட்ட பதிவேட்டின் தேதிகளை வேறு சான்று இல்லாமல் நம்ப வேண்டாம்.

பழைய நூல்களில் குத்திய முத்திரைகளும் பேசும். அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் முத்திரை 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'தமிழ்நாடு' என்ற மாநிலப் பெயர் 1969 ஜனவரியில் வந்தது. ஆனால் பழைய ரப்பர் முத்திரை தேயும்வரை புழங்கும் என்பதால், 'சென்னை மாநிலம்' என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். துதிக்கை போட்ட பழைய 'லை', 'னை' எழுத்துகளுக்கும் இதே எச்சரிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பெயர்ப்பலகை எழுதுவோர் அவற்றை உடனே விட்டுவிடவில்லை.

பலர் தடுமாறுவது மாவட்டப் பிரிவினையில். நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. திருவண்ணாமலை 1989 வரை வடஆற்காட்டில் இருந்தது. பழைய கோப்புகளைத் தாய் மாவட்டத்து நூலக ஆணைக்குழுவிலும் தேடுங்கள். நேரில் கிடைக்காவிட்டால் ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுக்கலாம். "வரலாறு தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. "இந்நூலகம் தொடங்க ஆணையிட்ட செயல்முறை ஆணையின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

முதியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். "நீங்கள் எந்த வகுப்பு படிக்கும்போது நூலகம் இந்தத் தெருவுக்கு வந்தது?" என்று கேட்டால் கணக்குத் தப்பாது.

எழுத்து தேய்ந்த கல்லை மாலை இருட்டியபின், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நிழலில் எழுத்து எழும்பும். சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம். பொடியும் பதிவேட்டுத் தாளில் செலோடேப் ஒட்டவே கூடாது: பசை பழுத்து எழுத்தையும் தின்றுவிடும்.