மிஞ்சிய பாணில் ஒரு தாச்சிக் கொத்து

மாதக் கடைசியில், வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் போகவே கை கூசும் நாட்களில், எங்கள் வீட்டில் நாலு பேருக்கு இரவுச் சாப்பாடு இதுதான். முதல்நாள் பாணில் (பிரெட்) அரை இறாத்தல், ஒரு டின் மீன், இரண்டு வெங்காயம், வாடத் தொடங்கிய கோவாவில் (முட்டைக்கோஸ்) ஒரு துண்டு.

பாண் பழையதாக இருக்க வேண்டும். புதுப் பாண் களியாகிவிடும். நான் ஒருமுறை அப்படிக் கிண்டி, பிள்ளைகள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். சிறு துண்டுகளாக வெட்டி, எண்ணெய் விடாமல் தாச்சியில் மொறுமொறுவென வறுத்து எடுத்து வையுங்கள். அதே தாச்சியில் எண்ணெய் விட்டு கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தாளித்து, கோவாவைப் பெருந்தீயில் வதக்குங்கள். ஒரு கரண்டி கறித்தூள், முள் நீக்கிய மீன், டின்னில் உள்ள தண்ணீரில் பாதி. கொதித்ததும் பாணைக் கொட்டிப் பிரட்டி உடனே இறக்குங்கள். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். டின் மீனிலேயே உப்பு உண்டு. தேசிக்காய்ப் புளி அடுப்பை அணைத்த பிறகுதான், முன்பே விட்டால் கசக்கும்.

மீன் இல்லையா? சோயா மீற்றைச் சுடுநீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து போடலாம். இரண்டு முட்டை உடைத்து ஊற்றினாலும் போதும். பாணுக்குப் பதில் காலை இடியப்பம் மிஞ்சியிருந்தால், அதற்கு வறுக்கும் வேலையும் இல்லை.