மலைநாட்டில் பழைய நெடும்பயண மோட்டார் சைக்கிள் வாங்கும் முறை

பழைய பி.எம்.டபிள்யூ, ட்ரயம்ப் போன்ற நெடும்பயண மோட்டார் சைக்கிள் ஒன்றை முதன்முறையாக வாங்க நினைப்பவர்கள், அதைச் சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நமது நுவரெலியா மலைப்பாதையில் ஏற்றி இறக்கிப் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.

முதலில் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். சான்றிதழில் ஒருவர் பெயர் இருக்க, வேறொருவர் ‘ஓபன் பேப்பரில்’, அதாவது தன் பெயருக்கு மாற்றாமலே, விற்கும் வண்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்கமாட்டேன். பதிவு உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமற்போனால் பெயர் மாற்றுவது பெரும்பாடாகிவிடும்.

அடுத்து, காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே சென்று, அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். எனது முதல் வண்டியை விற்றவர் நான் போவதற்கு முன்னரே அதைச் சூடாக்கி வைத்திருந்தார். மறுநாள் நானுஓயாக் குளிரில் அரைமணி நேரம் உதைத்தும் அது இயங்கவில்லை. பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து, டோர்ச் அடித்து, உள்ளே துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி மலைப்பாதை. ஏற்றத்தில் இயந்திரத்தின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. லபுக்கலையிலிருந்து இறம்பொடை நோக்கி இறங்கும்போது எக்ஸிலேட்டரை முழுவதும் விட்டு, குறைந்த கியரில் சற்றுத் தூரம் சென்று, மீண்டும் முறுக்குங்கள்; பின்னால் வருபவர் அப்போது நீலப்புகையைக் கண்டால் பெரும்பாலும் வால்வு வழிகாட்டிகள் (வால்வுத் தண்டுகள் அசையும் குழல்கள்) தேய்ந்திருக்கும். ஏறும்போதும் நீலப்புகை விடாது வந்தால் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். டிரம் பிரேக் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடி குறைவது இயல்பு. ஆறிய பின்னும் பிடிக்காவிட்டால் உள்ளேயிருக்கும் லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் பட்டிருக்கலாம்.

ஸ்பார்க் பிளக்கில் கரிய புகைக்கரி படிந்திருப்பதை மட்டும் வைத்து ஒரு வண்டியை ஒதுக்கிவிடாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், கொழும்பில் சரிசெய்யப்பட்ட காபரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) இங்கே பெற்றோலை மிகையாக ஊட்டும்; அந்தக் கரி அதனால் வந்ததாக இருக்கலாம். அதில் பெற்றோல் செல்லும் துளையான ஜெட்டைச் சிறியதாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 3512 என்றால் அது 2012ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றின் நட்டுகளுக்கு விட்வர்த் எனும் பழைய பிரித்தானிய அளவு ஸ்பேனர்களே பொருந்தும் என்பதால், விற்பவரிடம் அவை இருந்தால் வண்டியோடு சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.