டர்பன் பழைய பதிவுகளில் தேட: இண்டெக்ஸை இப்படி அமையுங்கள்

டர்பனில் கோயில், சங்கப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து ஊர், ஆண்டு, ஆவணம், பக்கம் என்று மரம்போல ஜாக்ரேபிட் ஓக்கில் (தரவை மரக் கிளைகளாகச் சேமிக்கும் மென்பொருள்) அடுக்குகிறீர்களா? மொத்த மரத்துக்கும் ஒரே லூசீன் இண்டெக்ஸ் (எழுத்துத் தேடலுக்கான அட்டவணை) போடாதீர்கள். தற்காலிகக் கோப்புகளும் பழைய பதிப்புகளும் அதில் சேர்ந்துவிடலாம். எந்தக் கிளை வேண்டுமோ அதை மட்டும் சேருங்கள்.

அப்புறம், பாதைக் கட்டுப்பாட்டை, அதாவது எந்தக் கிளைக்குள் தேட வேண்டும் என்பதை, இண்டெக்ஸே கவனிக்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் டொங்காட் ஊரின் கிளையில் மட்டும் தேடினாலும் எல்லா ஊர் முடிவுகளையும் எடுத்து, பிறகுதான் வடிகட்டும். மாற்றியதும் ரீஇண்டெக்ஸ், அதாவது இண்டெக்ஸைப் புதிதாக உருவாக்குவது, அவசியம்.

எழுத்து இருப்பது பக்கத்தில், மக்கள் தேடுவது ஆவணத்தை. அதனால் பக்கங்களின் எழுத்தை ஆவண முனையோடு (மரத்தில் ஆவணம் இருக்கும் இடம்) திரட்டி இண்டெக்ஸ் செய்யுங்கள். அப்போது ஒரு பெயர் மூன்றாம் பக்கத்திலும் இன்னொன்று ஏழாம் பக்கத்திலும் இருந்தாலும் இரண்டையும் சேர்த்துத் தேடினால் ஆவணம் கிடைக்கும்.

நம் பெயர்களுக்குத்தான் அதிக அக்கறை வேண்டும். 1860-இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் முதல் கப்பலான ட்ரூரோ வந்தது முதல் ஆங்கிலத்தில் பதிந்த பெயர்கள் இவை. முதலியார் இங்கே மூட்லி, நாயுடு நைடூ. இரண்டு வடிவத்தையும் ஒத்தசொல் பட்டியலில் சேருங்கள். பாட்டன் பெயரைத் தேடி வருகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.