தூண்டில் படகுக்குக் கேமராவா, எக்கோவா? வடசென்னைக் கடலுக்கான செய்முறை விளக்கம்

காசிமேடு, எண்ணூர் பக்கம் ஃபைபர் படகில் தூண்டில் போடப் போகிற தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, தண்ணிக்கடியில பாக்குற கேமரா வாங்கலாமா, எக்கோ வாங்கலாமா?" எக்கோ என்றால் ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி. இந்தக் கேள்வியோடு கூடவே ஒரு வீடியோவும் வரும். மின்னசோட்டாவிலோ கனடாவிலோ உறைந்துபோன ஏரியின் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பனிக்கட்டியில் துளை போட்டு, அதற்குள் கேமராவை இறக்கி, மீன் இரையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைத் திரையில் காட்டுவார். பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும்.

அந்த வீடியோக்கள் பொய்யில்லை. அந்த ஏரிக்கு அவர்கள் சொல்வது சரி. மேலே பனி மூடியிருப்பதால் காற்று தண்ணீரைக் கலக்குவதில்லை, அலையும் இல்லை. ஆற்று வரத்தும் குறைந்திருக்கும், அதனால் வண்டல் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். துளை இருந்த இடத்திலேயே இருக்கும், உட்கார்ந்திருப்பவரும் நகர மாட்டார். கேமராவுக்கு வேண்டிய இரண்டும், அதாவது தெளிந்த தண்ணீரும் நகராத இடமும், அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நம் கடலில் இரண்டுமே சந்தேகம். ஆகவே பொருளைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்.

முதல் வேலை: தட்டு இறக்கிப் பாருங்கள்

சமையலறையில் இருக்கும் வெள்ளை பீங்கான் தட்டோ, வெள்ளை பெயின்ட் அடித்த தகர வட்டமோ போதும். குறுக்களவு 30 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. அடியில் ஈயக் குண்டு கட்டுங்கள். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போடுங்கள். வெயில் ஏறிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கமாகத் தட்டை இறக்குங்கள். அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்து பார்த்த முறை இது. கடல் ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: தட்டு இரண்டு மீட்டருக்குள் மறைந்துவிட்டால் கேமராவை மறந்துவிடுங்கள். ஐந்து மீட்டர் தாண்டியும் தெரிந்தால் கேமராவுக்கு வேலை உண்டு. நடுவில் இருந்தால் அன்றைய அதிர்ஷ்டம்.

ஒன்றைக் கவனியுங்கள். தட்டு மேல்தண்ணீரைத்தான் சொல்லும். அலை கொஞ்சம் பெரிதாக இருந்த மறுநாள் மேலே கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் சேறு கிளம்பி நிற்கும். மீன் இருப்பதோ அடியில். ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலையாறும் கூவமும் மழைத்தண்ணீரைக் கொண்டுவந்து தள்ளும்போது சோதனையே வேண்டாம், கரையில் நின்று பார்த்தாலே நிறம் தெரியும். மாசி, பங்குனியில் பெரும்பாலும் தெளிவு வரும். ஒரே நாளின் அளவை நம்பாமல் வேறு வேறு பருவத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எக்கோ எப்படிப் பார்க்கிறது, கேமரா எப்படிப் பார்க்கிறது

கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு வைத்த கேமரா என்று விற்கிறார்களே, அந்த வெளிச்சம் அதைவிடச் சீக்கிரம் செத்துவிடும். வெள்ளை எல்இடி போட்டால் கலங்கலில் மிதக்கும் தூசி ஒவ்வொன்றும் மின்னி, மூடுபனியில் வண்டியின் ஹைபீம் போட்ட மாதிரி திரை வெளுத்துவிடும். கலங்கல் தண்ணீரில் விளக்கை அணைத்தால்தான் கொஞ்சமாவது தெரியும்.

எக்கோவுக்குக் கலங்கல் ஒரு பொருட்டில்லை. அது ஒலியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். மீனின் உடம்பில் ஒலியை நன்றாகத் திருப்பி அடிப்பது அதன் காற்றுப்பை. அதனால்தான் அந்தப் பை இல்லாத சுறாவும் திருக்கையும் உருவத்தில் பெரிதாக இருந்தும் திரையில் மங்கலாகத் தெரியும். கடம்பா என்ற கணவாய்க்கும் இதே கதை.

எவ்வளவு இடத்தைப் பார்க்கிறது என்பதிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எக்கோவின் ஒலி கீழே போகப் போகக் கூம்பு மாதிரி விரியும். 200 கிலோஹெர்ட்ஸ், 20 டிகிரி கூம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு அடித்தரையைப் பார்க்கும். 30 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர். அதே இடத்தில் கேமரா தன்னைச் சுற்றி இரண்டு மீட்டர் பார்த்தாலே அதிகம். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கும் நாளில் கேமராவின் கேபிள் சாய்ந்து, அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்றே தெரியாது.

ஆகவே என் தீர்ப்பு: முதலில் எக்கோ. கையில் காசு மிஞ்சினால், தட்டு ஐந்து மீட்டர் காட்டும் இடத்தில் அடிக்கடி போகிறவராக இருந்தால், அப்புறம் கேமரா.

என்ன வாங்குவது

சின்னத் திரையாக இருந்தாலும் 200 கிலோஹெர்ட்ஸும், அதோடு 50 அல்லது 77 போன்ற தாழ்ந்த அலைவரிசை ஒன்றும் இருக்கட்டும். ஜிபிஎஸ் சேர்ந்தே வந்தால் மிக நல்லது, ஏனென்றால் கடலடிப் பாறைத்திட்டான ஒரு பாரைக் கண்டுபிடித்துவிட்டு அதன் இடத்தைக் குறிக்காமல் வந்தால் கண்டுபிடித்ததற்கே அர்த்தமில்லை. விசைப்படகுகளில் ஃபுருனோவைப் பார்த்திருப்பீர்கள். 1948-இல் மீன் தேடும் கருவியை முதன்முதலில் வணிகமாகக் கொண்டுவந்த ஜப்பான் நிறுவனம் அது. அருமையான பொருள், ஆனால் தூண்டில் படகுக்கு அவ்வளவு தேவையில்லை. கார்மின் ஸ்ட்ரைக்கர் வரிசை மாதிரி சின்னது போதும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

கடையில் திரையில் மீன் கூட்டமாக ஓடுவதைப் பார்த்து மயங்காதீர்கள். அது டெமோ. வாளித் தண்ணீரில் வைத்துப் பார்ப்பதும் வீண், அந்த ஆழத்தில் அதற்கு எதுவும் தெரியாது. திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் அவகாசம் தரும் கடையில் வாங்குங்கள்.

பேட்டரிக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரி ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். சின்ன எக்கோ கால் ஆம்பியர்தான் இழுக்கும், ஒரு நாள் கடலுக்குத் தாராளமாகக் காணும். வயரில் ஃபியூஸ் போடாமல் இணைக்காதீர்கள்.

டிரான்ஸ்டியூசரைக் கட்டுவது: இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள்

பெட்டியோடு வரும் படம், படகின் பின்பலகையில் ஓட்டை போட்டு டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் பகுதியை, திருகச் சொல்லும். குப்பங்களில் படகை மணலில் ஏற்றுகிறோம். முதல் தடவை டிராக்டர் இழுக்கும்போதே அது பிய்ந்து போகும். துறைமுகத்துக்குள்ளேயே கட்டும் படகாக இருந்தாலும் பின்பலகை நல்ல இடமில்லை. இயந்திரத்தின் காற்றாடி கிளப்பும் குமிழிகள் அங்கேதான் வருகின்றன. ஒலிக்குக் காற்றுக் குமிழி ஒரு சுவர். படகு ஓடத் தொடங்கியதும் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகி, ஆழம் காட்டும் எண் கண் சிமிட்ட ஆரம்பித்தால் காரணம் இதுதான், பெட்டியில் கோளாறு இல்லை.

இதற்கு மச்சான் படகில் நாங்கள் செய்த வழி இது. 25 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்று. பிவிசி வேண்டாம், நீவாட்டில் வளைந்து ஆடும். குழாயின் கீழ்முனையில் டிரான்ஸ்டியூசரைத் திருகி, கேபிளைக் குழாயோடு ஒட்டினாற்போலக் கட்டிவிடுங்கள். படகின் நடுப்பகுதியில், விளிம்பில் ஒரு பலகையை வைத்து இரண்டு யு-போல்ட்டால் குழாயைப் பிடிக்க வேண்டும். நின்ற பிறகு இறக்குவோம், கிளம்பும்போது தூக்கிவிடுவோம். டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிப்பக்கத்துக்கு ஒரு சாணாவது கீழே போகட்டும்.

முகம் நேராகக் கீழே பார்க்க வேண்டும். ஆட்களும் வலையும் ஐஸ் பெட்டியும் ஏறிய பிறகு படகு சாயும் சாய்வு வேறு. கரையில் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தது கடலில் தப்பாகப் போவது இதனால்தான். கடலில் நின்று, எல்லோரும் தத்தம் இடத்தில் உட்கார்ந்த பிறகு ஒருமுறை சரிசெய்துவிட்டு, குழாயில் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அமைப்புகள்

உப்புத்தண்ணீர் என்று மாற்றுங்கள். பல கருவிகள் நன்னீர் ஏரிக்கு அமைக்கப்பட்டே வருகின்றன, ஆழம் கொஞ்சம் பிசகும். ஆழ அளவை ஃபேதம் (சுமார் ஆறு அடி) என்று வைத்தால் பெரியவர்கள் சொல்லும் பாகக் கணக்கோடு ஒட்டிப் போகும். மீன் படம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது பிளாஸ்டிக் பைக்கும் குமிழிக்கும் கூட மீன் பொம்மை போடும், நம் கடலில் பைக்குப் பஞ்சமில்லை.

திரையைப் படிப்பது

முதலில் ஒன்று மனதில் பதிய வேண்டும். திரை ஒரு புகைப்படம் இல்லை. வலது ஓரம் மட்டும்தான் இந்த நொடி. இடப்பக்கம் இருப்பதெல்லாம் முடிந்துபோனது. இடப்பக்கம் தெரியும் மீனுக்காகப் படகின் இடப்பக்கம் தூண்டில் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த மீன் எந்தத் திசையில் இருந்தது என்று எக்கோ சொல்லவே சொல்லாது, ஆழத்தை மட்டும் சொல்லும்.

மீன் வில்லாகத் தெரிவது படகு நகரும்போது. கூம்பின் ஓரத்தில் நுழையும்போது மீன் தூரத்தில் இருக்கும், நடுவுக்கு வரும்போது கிட்ட இருக்கும், வெளியே போகும்போது மறுபடி தூரம். அந்தத் தூர மாற்றம்தான் வில். நங்கூரம் போட்டு நிற்கும்போது அடியில் அசையாமல் நிற்கும் கலவா மீன் நீண்ட கோடாகத்தான் வரும். வில் இல்லையே என்று கிளம்பிவிடாதீர்கள்.

இப்போது பார் கண்டுபிடிக்கும் வித்தை. ஆழம் 20 மீட்டர் என்றால், தானாக மாறும் அளவை நிறுத்திவிட்டு 50 மீட்டர் என்று நீங்களே வையுங்கள். கெட்டித் தரையாக இருந்தால் ஒலி தரையில் பட்டு மேலே வந்து, தண்ணீரின் மேற்பரப்பில் மோதி, மறுபடி தரைக்குப் போய்த் திரும்பும். அதனால் 40 மீட்டரில் இரண்டாவது கோடு ஒன்று விழும். அந்தக் கோடு பளிச்சென்று இருந்தால் பார், அல்லது இறுகின மணல். மங்கினால் இளகின மணல். இல்லவே இல்லையென்றால் சேறு. மச்சானின் பெரியப்பா, "ஈயக்குண்டு சொல்லாததையா இந்தப் பொட்டி சொல்லப்போவுது?" என்று கேட்டவர். அவர் குண்டை இறக்கினால் 'டக்' என்று இடிப்பது பார், கையில் அதிர்வில்லாமல் புதைவது சேறு. அவர் கயிற்றைப் பிடித்திருக்க, நான் இரண்டாவது கோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டும் ஒத்துப்போனதும், "அப்ப குண்ட எடுத்து உள்ள வைடா" என்றார். இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். கண்ணுக்கும் கைக்கும் பழகினால்தான் திரையில் நம்பிக்கை வரும்.

நங்கூரம் போட்டபின் உணர்திறனைக் கொஞ்சம் ஏற்றுங்கள். உங்கள் ஈயம் சாய்ந்த கோடாக இறங்குவது தெரியும். பனி ஏரிக்காரர்கள் வட்ட டயல் சோனாரில் இரையையும் மீனையும் சேர்த்துப் பார்ப்பது இதைத்தான். நீவாடு ஈயத்தைக் கூம்புக்கு வெளியே தள்ளிவிட்டால் கோடு பாதியில் காணாமல் போகும். கனமான ஈயத்துக்கு மாற வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை.

கேமரா எப்போது

தெளிவான நாளில், எக்கோ காட்டிய இடம் பாறையா, செயற்கையாகப் போட்ட கான்கிரீட் பாரா, கிழிந்த வலை மூடிய குப்பையா என்று பார்க்க. அடியில் நிற்பது சங்கராவா காரலா என்று தெரிந்துகொள்ள. காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டால் குதிக்காமல் பார்க்க. இந்தக் கடைசி வேலைக்குக் கேமரா தங்கம். கேமராவை இறக்கும் முன் இயந்திரத்தை அணைத்தே ஆக வேண்டும், கேபிள் காற்றாடியில் போனால் இரண்டுமே போச்சு.

பின்னால் சேர்த்தது

பழவேற்காட்டிலிருந்து கேட்டிருந்தார்கள்: ஏரிக்குள் எது நல்லது? இரண்டுமே வேண்டாம். அங்கே பெரும்பாலான இடத்தில் ஆழம் ஒன்றிரண்டு மீட்டர்தான். கூம்பு விரியவே இடமில்லை, தண்ணீரும் கலங்கல். கோலால் குத்திப் பார்ப்பதே நல்லது.

காசிமேட்டு வாயிலில் திரை முழுக்கச் சாய்ந்த புள்ளிக் கோடுகள் வருகின்றன என்று இன்னொருவர். பக்கத்து விசைப்படகின் எக்கோவும் அதே அலைவரிசையில் அடிக்கிறது. குறுக்கீடு நீக்கும் அமைப்பைப் போடுங்கள், இல்லையென்றால் மற்ற அலைவரிசைக்கு மாறுங்கள். வெளியே போனதும் தானாக நிற்கும்.

போன மாதம்வரை நன்றாக இருந்தது, இப்போது மங்குகிறது என்பவர்கள் டிரான்ஸ்டியூசரின் முகத்தைத் தடவிப் பாருங்கள். பாசியோ எண்ணெய்ப் படலமோ ஒட்டியிருக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் மெல்லிய துணியும் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவிவிட்டு வயரை மாட்டுங்கள்.