கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் மூன்று சோழர் கோயில்கள்

தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்க்க எண்ணுவோர் பலர் தஞ்சாவூரில்தான் தொடங்குகிறார்கள். கட்டப்பட்ட காலவரிசைக்கு அது பொருந்தும் என்றாலும், நண்பகலில் நடை சாத்தும் நேரம் குறுக்கிட்டு அடுத்த கோயிலின் வாசலில் காத்திருக்க வைத்துவிடும். ஆகவே கும்பகோணத்தில் தங்கிக்கொண்டு, தஞ்சையை மாலைக்கு ஒதுக்குவதே நல்லது.

காலை ஆறரை மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினால், அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, ஏறக்குறைய 35 கி.மீ. தொலைவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தை வெயில் ஏறுவதற்குள் அடைந்துவிடலாம். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய இக்கோயிலில் முதலில் வடக்கு வாயிற்படிக்குச் செல்லுங்கள். அங்கே உமையோடு வீற்றிருக்கும் சிவபெருமான், காலடியில் கைகூப்பி அமர்ந்த சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பிறகு சற்றுத் தள்ளி நின்று, கருவறைக்கு மேல் எழும் கோபுரமான விமானம் மேலே செல்லச் செல்ல உள்வாங்கி வளைவதைக் கவனியுங்கள். இந்த வளைவு நினைவில் இருந்தால்தான் மாலையில் தஞ்சை விமானத்தின் நேர்க்கோடு கண்ணில் படும்.

பத்து மணியளவில் தாராசுரம் வந்துவிட்டால் நடை சாத்துமுன் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அது முழுவதும் இங்கே தேவைப்படும். மூன்றில் சிறியது இரண்டாம் இராசராசனின் இக்கோயில்தான். ஆனால் நின்று பார்க்க வேண்டியவை இங்கேதான் அதிகம். குதிரைகள் இழுக்கும் தேர்போல் அமைந்த முன்மண்டபத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் ஓடும் நாயன்மார் வரலாற்றுச் சிற்பங்களையோ பலர் காணாமலே போய்விடுகிறார்கள். அவை மிகச் சிறியவை என்பதால் குனிந்து, முடிந்தால் உட்கார்ந்தே பார்க்க வேண்டும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையை அங்கே தேடிப் பாருங்கள். தட்டினால் இசைக்கும் படிகள் கம்பி வேலிக்குள் இருப்பதால் அவற்றுக்காக நேரம் செலவிட வேண்டாம்.

மதிய உணவுக்குப் பின் தஞ்சாவூருக்கு 40 கி.மீ. பயணம். நடை திறக்கும்வரை அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம். வெயில் நேரத்தில் வெறுங்காலோடு கற்றளத்தில் நடக்கும் வேதனையும் மிச்சமாகும்.

நான்கு மணிக்குமேல் பெரிய கோயிலுக்குள் நுழையுங்கள். 1010-இல் முதலாம் இராசராசன் நிறைவு செய்த இக்கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரமுடையது. அதன் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளில் அரசனும் அவன் தமக்கையும் அளித்த கொடைகள் முதல் கோயிலில் ஆடிப் பணிபுரிந்த தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வழங்கிய வீடுகள்வரை பதிவாகியுள்ளன. எழுத்துகளைப் படிக்க இயலாவிட்டாலும், தெற்குப் பக்கமாக மெதுவாக நடந்து மேற்குப் புறம் செல்லுங்கள். மாலை வெயில் நேராக விழுவது அங்கேதான். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச வேண்டியதில்லை. அப்படியே சுற்றிக் கிழக்கு முற்றத்துக்கு வந்தால், அந்த நிழலிலேயே உட்கார்ந்து இளைப்பாறலாம்.