தண்ணீர் ஏறாத டிஷ்வாஷரை நான் சரிசெய்த விதம்

ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கும் எங்கள் சென்னைப் புறநகர் வீட்டில், மூன்று ஆண்டுகளாக உழைத்த டிஷ்வாஷர் ஒரு நாள் காலை நீர் பாயும் ஓசையே இல்லாமல் சற்று முனகி, நீர் வரவில்லை என்று காட்டும் குழாய்ப் படக் குறி மினுங்க நின்றுவிட்டது.

மின் இணைப்பைத் துண்டித்து, குழாயை மூடி, நீர் வரும் ஹோஸை இயந்திரத்தின் பின்புறம் கழற்றினேன். அதன் முனையை வாளியில் விட்டுக் குழாயைத் திறந்ததும் நீர் விசையோடு கொட்டியதால், மேல்தொட்டியின் அழுத்தத்தில் குறையில்லை என்பது உறுதியாயிற்று. பிறகு, இயந்திரத்தில் ஹோஸ் பொருந்தும் இடத்தில் நீரைத் திறந்து மூடும் வால்வின் வாயில் செருகியிருந்த விரல்நுனி அளவுச் சல்லடையைக் குறட்டால் மெல்ல இழுத்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவும் மணலும் அப்பி, ஊசிமுனை அளவு ஒளிகூடத் தெரியவில்லை. சுண்ணாம்புப் படிவு அமிலத்தில் கரையும் என்பதால், அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். ஊசியால் குத்தவே கூடாது. வலை கிழிந்தால் மணல் உள்ளே போய், வால்வு முழுதாக மூடாமல் கசியும்.

சல்லடையைப் பொருத்தி, ரப்பர் வாஷர் சரியாக அமர்ந்திருப்பதைப் பார்த்து ஹோஸை முறுக்கி, மீண்டும் இயக்கிய சில நொடிகளில் நீர் இரைச்சலுடன் ஏறியது. இப்போது மூன்று மாதத்திற்கு ஒருமுறை அந்தச் சல்லடையைக் கழற்றிக் கழுவுகிறேன்.